குதிரை சொன்ன சாட்சி: பிரிட்டனிக் கடற்கரையில் பச்சைப் பாசி

பிரான்ஸின் வடமேற்கு மூலையான பிரிட்டனியில், பினிக் என்ற ஊரின் கடற்கரையில் ஒதுங்கிய பச்சைப் பாசியை லாரியில் ஏற்றிக்கொண்டு, உள்ளே சற்றுத் தள்ளியிருக்கும் லான்டிக் உர ஆலையில் கொட்டிவிட்டு வருவது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. 2009 ஜூலை 22 அன்று சில நடை அடித்து முடித்திருந்த அந்த 48 வயது ஓட்டுநர் பணியின்போதே இறந்துபோனார். அவரிடம் முகக்கவசம் இல்லை. காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டும் கருவியும் இல்லை. மாரடைப்பு என்று முடிவு கட்டினார்கள். விஷயம் அத்தோடு அடங்கியது.

ஆறே நாள் கழித்து, ஜூலை 28 அன்று, அதே கோத் தார்மோர் மாவட்டத்தில் சாங் மிஷெல் ஆன் கிரேவ் என்ற ஊரின் கடற்கரையில் ஓர் இளைஞர் தன் குதிரையோடு போய்க்கொண்டிருந்தார். பாசி அழுகிக் கிடந்த இடத்தில் குதிரையின் கால் புதைந்தது. ஒரு நிமிடம் ஆவதற்குள் குதிரை செத்து விழுந்தது. அவரும் நினைவிழந்தார். பக்கத்தில் பாசி வாரிக்கொண்டிருந்த இயந்திரத்தின் ஓட்டுநர் பார்த்து இழுத்துப் போட்டதால் பிழைத்தார். பிழைத்தவர் கால்நடை மருத்துவர். அதனால் குதிரையைப் புதைத்துவிட்டு வீட்டுக்குப் போகாமல், அதைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பினார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தாக்கிய சாவு என்று தெரிந்தது.

அதன்பிறகுதான் லாரி ஓட்டுநரின் நினைவு வந்தது. செப்டம்பரில் அரசு வழக்கறிஞர் விசாரணைக்கு உத்தரவிட்டார். ஓட்டுநரின் உடலிலிருந்து எடுத்து வைத்திருந்த இரத்தத்தைச் சோதித்தபோது அதிலும் அதே வாயு இருந்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். மனிதன் செத்தபோது எழாத கேள்வி, குதிரை செத்தபிறகு எழுந்தது. பிரிட்டனியின் பச்சைப் பாசி விவகாரம் முழுவதிலும் இதே கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு சாவும் தனிச் சாவாகவே எழுதப்பட்டு, தனிக் கோப்பில் மூடப்பட்டது.

கொல்வது எது

செடி மனிதனைப் பிடித்து விழுங்குவதாகச் சொல்லும் கதைகளுக்குக் குறைவில்லை. இங்கே நடந்தது அதைவிட எளிமையானது, அதைவிட மோசமானது. உல்வா என்ற இந்தப் பாசி உயிரோடு இருக்கும்போது யாருக்கும் தீங்கு செய்வதில்லை. இரண்டே அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய பச்சைத் தாள் அது. பல நாடுகளில் உணவாகவும் சமைக்கிறார்கள். வெயிலும் நைட்ரேட்டும் கிடைத்தால் சில நாட்களிலேயே இரட்டிப்பாகும். பாறையைப் பற்றி வளர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆழமற்ற விரிகுடா நீரில் மிதந்தபடியே பெருகும். அலை இறங்கும்போது மணலில் படுக்கையாக விரிந்து கிடக்கும்.

செத்தபிறகுதான் அது ஆபத்தாகிறது. வெயிலில் கிடக்கும் குவியலின் மேற்பரப்பு ஓரிரு நாளில் காய்ந்து வெளுத்து, பாலில் ஏடு படிவதுபோல் ஒரு தோலாகிவிடும். அதன் அடியில் காற்றுப் புகாது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்ஃபேட் கரைந்திருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அழுகும் பாசியை உண்டு, அந்தச் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகின்றன. வாயு தோலுக்கு அடியிலேயே சிறைப்பட்டிருக்கும். மேலே நின்று பார்ப்பவருக்கு வெள்ளையாகக் காய்ந்த பரப்புதான் தெரியும். கீழே இருப்பது கறுத்த சேறு. குளம்பு, காலணி, இயந்திரத்தின் வாளி, எது அந்தத் தோலைக் கிழித்தாலும் அடைபட்டிருந்தது மொத்தமாக ஒரே நேரத்தில் வெளியேறும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் காற்று வீசாத நாளில் பள்ளத்தில் தங்கிவிடும். குனிந்து வேலை செய்பவரும், மூக்கைத் தரையில் வைத்து மேயும் விலங்கும் முதலில் மாட்டுவது இதனால்தான்.

இந்த வாயுவின் மிகப் பெரிய சூது நம் மூக்கோடு அது ஆடும் ஆட்டம். பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருந்தாலே அழுகிய முட்டை நாற்றம் தெரிந்துவிடும். அதனால் நாற்றமே எச்சரிக்கை என்று நம்பத் தோன்றும். அளவு 100 பங்கை நெருங்கும்போது மூக்கின் நரம்பு மரத்துப்போகிறது. நாற்றம் மறைகிறது, ஆபத்து ஏறிக்கொண்டே போகிறது. 500ஐத் தாண்டினால் நினைவு தப்பும். 1000ஐ எட்டினால் ஓரிரு மூச்சே போதும். செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியை அது அடைத்துவிடுவதால், நுரையீரலில் காற்று இருந்தும் உடல் மூச்சுத் திணறிச் சாகிறது.

2009 ஆகஸ்ட் 13 அன்று, தொழில்துறை ஆபத்துகளை ஆராயும் அரசு நிறுவனமான இனெரிஸ் சாங் மிஷெல் கடற்கரையில் அளவெடுத்தது. சில இடங்களில் 1000 பங்கு வரை காட்டியது. குழந்தைகள் மணலில் விளையாடும் கடற்கரையில் எடுத்த அளவு அது.

தமிழ் நாளிதழ் படிப்பவர்களுக்கு இந்த வாயு புதிதல்ல. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் மயங்கி விழுந்தார், காப்பாற்றப் போனவரும் விழுந்தார் என்று 'விஷவாயு தாக்கி' என்ற தலைப்பில் நாம் படிப்பது பெரும்பாலும் இதே ஹைட்ரஜன் சல்ஃபைடைத்தான். அங்கேயும் இறங்கியவர் கையில் அளவி இருந்ததில்லை.

முன்பே விழுந்தவர்கள்

2009ஐத் தொடக்கமாகச் சொல்வது வசதியான பொய். சாங் மிஷெல் ஆன் கிரேவ் ஊராட்சி தன் கடற்கரையில் பாசி குவிவதைப் பற்றி முறையிட்டது 1971இலேயே. 1989 ஜூன் மாதத்தில் அதே கடற்கரையில், பாசிக் குவியலுக்கு நடுவே, ஓடப் போயிருந்த ஓர் இளைஞரின் உடல் கிடைத்தது. லானியோன் மருத்துவமனையின் அவசரச் சிகிச்சை மருத்துவர் பியேர் ஃபிலிப் சந்தேகப்பட்டார். பரிசோதனை முடிவைக் கேட்டார். அது அவர் கைக்கு வந்து சேரவே இல்லை.

பத்து ஆண்டு கழித்து, 1999 கோடையில், அதே கடற்கரையில் டிராக்டரில் பாசி வாரிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி வலிப்பு வந்து விழுந்து கோமாவுக்குப் போனார். அவரைப் பார்த்தவரும் அதே மருத்துவர்தான். இந்த முறை ஆள் பிழைத்தார். மருத்துவர் சுகாதாரத் துறைக்குத் தன் சந்தேகத்தை எழுதித் தெரிவித்தார். அந்தக் கடிதத்தை யாராவது பொறுப்பாகப் படித்து, பாசி வாரும் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு வாயு அளவியை மாட்டியிருந்தால் 2009இன் லாரியிலும் அது இருந்திருக்கும். மாட்டவில்லை. 2008இல் இலியோன் என்ற ஊரின் கரையில் இரண்டு நாய்கள் செத்தன. அப்போதும் பேச்சு எழுந்து அடங்கியது.

என் பார்வையில் இந்த வழக்கின் முடிச்சு 1999தான். 1989இல் காரணம் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ள இடமிருந்தது. 1999இல் பாதிக்கப்பட்டவர் உயிரோடு இருந்தார், வேலையிடத்தில் விழுந்திருந்தார், செய்துகொண்டிருந்த வேலை பாசி வாருவது. இதைவிடத் தெளிவான தொழிலிட எச்சரிக்கை கிடைக்காது. ஆனால் பாசியைப் பார்த்த கண்கள் அதைச் சுற்றுலாவுக்கு இடைஞ்சலான குப்பையாக மட்டுமே பார்த்தன. குப்பை என்றால் வாரிக் கொட்ட வேண்டியதுதான். குப்பை வாருபவருக்கு யாரும் ரசாயன ஆலைத் தொழிலாளிக்குத் தரும் பாதுகாப்பைத் தருவதில்லை. ரசாயன ஆலையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கசியக்கூடிய இடத்தில் அளவி இல்லாமல் ஒருவரை நிறுத்தினால் மேலாளர் பதில் சொல்ல வேண்டும். கடற்கரையில் கூரை இல்லை, குழாய் இல்லை, அதனால் அதை யாரும் ஆலையாக எண்ணவில்லை. வேலையோ ஆலையின் வேலை: டன் கணக்கில் அழுகும் பொருளைக் கிளறு, வாரு, ஏற்று, கொண்டுபோய்க் கொட்டு. இந்த நான்கில் எதைச் செய்தாலும் வெள்ளைத் தோல் கிழியும்.

வாயு இரத்தத்தில் இருந்ததா, சாவு அதனால்தானா

ஓட்டுநரின் வழக்கு நீண்டதற்கு ஒரு மருத்துவக் காரணமும் உண்டு. அதை நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். இறந்த உடல் அழுகும்போதும் சல்ஃபைடு உண்டாகிறது. மாதிரி எடுக்கத் தாமதமானாலோ, எடுத்ததைச் சரியாகக் குளிரில் வைக்காவிட்டாலோ, கண்ட வாயு சுவாசித்ததா உடலில் பின்னர் உருவானதா என்று வாதாட வழி கிடைக்கும். இறந்தவரின் இதயம் ஏற்கனவே பழுதாகியிருந்தது என்று சொல்லவும் வழி கிடைக்கும். ஆகவே இப்படிப்பட்ட சாவில் முதல் சில மணி நேரமே எல்லாம். அந்த நேரத்தில் சந்தேகிக்கத் தெரிந்த ஒருவர் அருகில் இல்லை என்றால் பிறகு எத்தனை வல்லுநர் வந்தாலும் 'இருக்கலாம்' என்பதைத் தாண்ட முடியாது. குதிரைக்கு அந்த ஒருவர் இருந்தார்.

குற்றவியல் விசாரணை யாரையும் தண்டிப்பதில் முடியவில்லை. குடும்பம் விடவில்லை. 2018 ஜூனில் சான் பிரியூ நகரின் சமூகப் பாதுகாப்பு நீதிமன்றம் அது வேலையின்போது நேர்ந்த விபத்துச் சாவு என்று ஏற்றது. ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

பன்றியும் சோயாவும்

இவ்வளவு பாசி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குக் கடலைப் பார்த்தால் விடை கிடைக்காது, கரைக்குத் திரும்ப வேண்டும். நாட்டின் விளைநிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத பிரிட்டனி, பிரான்ஸின் பன்றி இறைச்சியில் பாதிக்கும் மேல் தருகிறது. மனிதர்களைவிடப் பன்றிகள் அங்கே ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏழை மூலையாகக் கிடந்த பகுதியை நாட்டுக்கே இறைச்சியும் பாலும் முட்டையும் தரும் இடமாக மாற்றுவது என்று அரசே முடிவெடுத்தது. சிறு வயல்களை ஒன்றாக்கினார்கள். வயலுக்கு வயல் நின்ற மரவேலிகளையும் வரப்புகளையும் அழித்தார்கள். தீவனத்துக்குச் சோயா கப்பல் கப்பலாக இறங்கியது. அந்தச் சோயாவிலிருந்த நைட்ரஜன் விலங்கின் வயிற்றுக்குப் போய், சாணமாகி, வயலில் கொட்டப்பட்டு, மழையில் கரைந்து, குட்டை ஆறுகள் வழியே விரிகுடாவுக்கு வந்தது. மரவேலி இருந்த காலத்தில் கொஞ்சமாவது அது வழியில் நின்றிருக்கும்.

1970களின் தொடக்கத்தில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்த ஆற்று நைட்ரேட், 1990களில் 50ஐத் தொட்டது. ஐரோப்பிய விதிப்படி 50தான் எல்லை. அந்த எல்லையோ குடிநீரை மனத்தில் வைத்து எழுதியது. பாசிக்கு அவ்வளவு தேவையில்லை. கடல் ஆய்வு நிறுவனமான இஃப்ரெமரின் அலாங் மெனெகன் ஆண்டுக்கணக்கில் இந்த விரிகுடாக்களைக் கணக்கிட்டுச் சொன்னது, 10 என்ற அளவை ஒட்டி இறங்கினால்தான் பாசி குறிப்பிடத்தக்க அளவில் குறையும் என்பது. இப்போதைய சராசரி 30க்குச் சற்று மேலே நிற்கிறது. குறைந்தது உண்மை, போதாது என்பதும் உண்மை. நிலத்தடி நீரில் தேங்கிய பழைய நைட்ரேட் மெதுவாகத்தான் வெளியேறும் என்பதால், இன்று உரத்தை நிறுத்தினாலும் பலன் தெரிய ஆண்டுகள் ஆகும்.

இடையில் ஒரு காலம், நைட்ரேட் குற்றவாளியே அல்ல, பாஸ்பரஸ்தான் காரணம் என்று உணவுத் தொழிலின் ஆதரவோடு ஒரு வாதம் பலமாக ஓடியது. 2012இல் அரசு கேட்டு வாங்கிய அறிவியல் ஆய்வறிக்கை அதை ஒதுக்கி, குறைக்க வேண்டியது நைட்ரஜனையே என்று உறுதிசெய்தது. சந்தேகத்தைக் கிளப்பியே காலம் கடத்திய சிகரெட் நிறுவனங்களின் பழைய வித்தையை இங்கே ஒருமுறை நினைத்துக்கொள்வது தவறாகாது.

ஒரு விஷயத்தில் பிரிட்டனியின் விவசாயியைத் தனியாகக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. பெருகு, கடன் வாங்கு, கொட்டகை கட்டு என்று சொன்னது அரசும் வங்கியும் கூட்டுறவும். கடனைக் கட்ட வேண்டியவர் மட்டும் அவர்.

குதிரைக்குப் பின்

2009 ஆகஸ்ட் 20 அன்று பிரதமர் ஃபிரான்சுவா ஃபியோன் அமைச்சர்களோடு சாங் மிஷெல் கடற்கரைக்கே வந்தார். மோசமான கரைகளைச் சுத்தம் செய்யும் செலவை அரசு ஏற்கும் என்றார். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று நாந்த் நிர்வாக மேல்முறையீட்டு நீதிமன்றம், சுற்றுச்சூழல் சங்கங்கள் போட்ட வழக்கில், பச்சைப் பாசிப் பெருக்கத்துக்கு அரசின் அலட்சியமே காரணம் என்று தீர்ப்பளித்தது. 2010இல் எட்டு விரிகுடாக்களுக்கான முதல் பாசித் திட்டம் வந்தது.

வேலையிடத்தில் மாற்றம் வந்தது உண்மை. பாசியை ஒதுங்கிய ஓரிரு நாளுக்குள், அழுகும் முன்பே வாரிவிட வேண்டும் என்பது முதல் விதியாயிற்று. வண்டியின் கூண்டுக்குள் வடிகட்டிய காற்று, உடையில் மாட்டிக்கொள்ளும் அளவி, அது ஒலித்தால் உடனே விலகுவது என்ற ஒழுங்கு வந்தது. எட்டு மணி நேர வேலைக்கு 5 பங்கு, கால் மணி நேரத்துக்கு 10 பங்கு என்ற தொழிலக எல்லைகள் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தன. ஆனால் இயந்திரம் போகமுடியாத சேற்று முகத்துவாரங்கள் அப்படியே கிடந்தன. வார முடியாத இடத்தில் பாசி தன்பாட்டுக்கு அழுகும்.

2011 ஜூலையில் மோரியோ அருகே கூயெசான் ஆற்றின் முகத்துவாரத்தில் காட்டுப்பன்றிகள் சாகத் தொடங்கின. எண்ணிக்கை 36ஐத் தொட்டது. யாரோ விஷம் வைத்திருப்பார்கள், வேறு நுண்ணுயிரி நச்சாக இருக்கும் என்றெல்லாம் பேசினார்கள். பரிசோதித்த விலங்குகளின் நுரையீரல் ஹைட்ரஜன் சல்ஃபைடைக் காட்டியது. தேசிய உணவு, சுற்றுச்சூழல், தொழில்நலப் பாதுகாப்பு முகமையான ஆன்செஸ் அதே ஆண்டு கடற்கரைக்கு வருபவர், வசிப்பவர், பாசி வாருபவர் என மூன்று தரப்பினருக்கும் உள்ள ஆபத்தைத் தனித்தனியே பிரித்து எழுதியது.

2016 செப்டம்பர் 8 அன்று அதே முகத்துவாரத்தில் ஓடப்போன 50 வயதுக்காரர் ஒருவர் சேற்றில் இறந்து கிடந்தார். காட்டுப்பன்றிகள் செத்த இடம் என்று ஊருக்கே தெரியும். அப்படியும் பிரேதப் பரிசோதனை இல்லாமலே உடல் அடக்கமானது. பிறகு கேள்வி எழுந்து, தோண்டியெடுத்துப் பார்த்தபோது உறுதியாகச் சொல்லக் காலம் கடந்திருந்தது. 1989இல் தவறியதை 2016இல் தவற விட்டதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது.

லான்டிக் ஆலையும் நிம்மதியாக இல்லை. 2019 கோடையில் பாசி முன்கூட்டியே பெருமளவில் ஒதுங்க, ஆலைக்கு வந்து குவிந்ததன் நாற்றம் தாங்காமல் சுற்றுப்புறத்தார் கொதித்தார்கள். ஆலை பாசி வாங்குவதைச் சில காலம் நிறுத்திவைத்தது. கரையில் இருந்த பிரச்சினை லாரியில் ஏறி உள்ளூருக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். 2021இல் பிரான்ஸின் கணக்குத் தணிக்கை நீதிமன்றம் 2010 முதல் நடந்த திட்டங்களை எடைபோட்டு, இலக்குகள் தெளிவில்லை, பலன் நிச்சயமில்லை என்று எழுதியது. பணம் பெரும்பாலும் விவசாயிகள் விரும்பினால் செய்யலாம் என்ற வகைத் திட்டங்களுக்கே போயிருந்தது.

இது பிரிட்டனிக்கு மட்டும் நேர்ந்த விதியும் அல்ல. 2008 ஒலிம்பிக் படகுப் போட்டிக்கு முன் சீனாவின் சிங்தாவ் கடலை உல்வாவின் இன்னொரு இனம் மூடியபோது, ராணுவத்தினர் உட்பட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இறக்கி ஏறத்தாழ பத்து லட்சம் டன் வாரினார்கள். 2011 முதல் கரீபியத் தீவுகளில் சர்காசம் என்ற பழுப்புப் பாசி கரை ஏறி அழுகுகிறது. மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் கரையோர மக்கள் சுவாசிப்பது அதே வாயு.

2016இல் ஓடப்போய் இறந்தவரின் குடும்பம் அரசின் மேல் போட்ட வழக்கை 2022இல் ரென் நிர்வாக நீதிமன்றம் தள்ளியது: பாசிக்கும் சாவுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. 2025 ஜூன் 24 அன்று நாந்த் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. அதிக அளவு ஹைட்ரஜன் சல்ஃபைடைச் சுவாசித்ததைத் தவிர இந்தச் சாவுக்கு வேறு விளக்கம் பொருந்தவில்லை என்று சொல்லி, அரசு 60 விழுக்காடு பொறுப்பு என்றது. மீதி 40, ஆபத்தான சேற்றுக்குள் போன துணிச்சலுக்காக இறந்தவர் கணக்கில் எழுதப்பட்டது. லாரி ஓட்டுநருக்கு அப்படிப் பங்குபோட எதுவும் இல்லை. அவரை அங்கே போகச் சொன்னார்கள், போனார். முகக்கவசம் கொடுக்காதது யார் என்ற கேள்விக்கு எந்த நீதிமன்றமும் இதுவரை ஒரு விழுக்காட்டையும் எழுதவில்லை.